வயல்நீர்ப் பாசியும் வெயிலும் பிராணவாயுவும்

தாமிரபரணிப் பாசனத்தில் கார் நடவு முடிந்து பத்துப் பதினைந்து நாட்கள் ஆனதும், வயல்நீரில் பச்சைப் படலம் ஒன்று தோன்றுவதை உழவர் பெருமக்கள் அனைவரும் அறிவார்கள். காலையில் சேற்றின்மேல் படிந்து கிடக்கும் இப்படலம், வெயில் ஏறியதும் சிறு சிறு குமிழிகளுடன் மேலெழுந்து மிதக்கும். மாலையில் மீண்டும் அடங்கும். வாய்க்கால் மதகிலும் படித்துறைக் கல்லிலும் கால் வழுக்கச் செய்யும் வழுவழுப்பான படிவும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

'பாசிதானே' என்று நாம் ஒதுக்கிவிடும் இப்பொருள், வயலில் இடும் யூரியாவில் எவ்வளவு பயிருக்குச் சேரும், எவ்வளவு காற்றோடு போகும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வயலுக்குத் தருவதும் இதே படலத்தில் வாழும் உயிர்களே. ஆகவே இது எந்தச் சூழ்நிலையில் நன்மை செய்கிறது, எந்தச் சூழ்நிலையில் தீமை செய்கிறது என்பதை அறிந்துகொண்டால், அதிகச் செலவின்றியே மேலுரத்தைக் காத்துக்கொள்ளலாம். இதை அறிவதற்கு, வெயிலில் அப்படலம் விடும் பிராணவாயுவைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது அவசியம்.

பாசிப்படலம் என்பது என்ன?

பாசிப்படலம் ஒரே ஓர் உயிரினம் அன்று. பல உயிர்கள் சேர்ந்து வாழும் ஒரு குடியிருப்பு. மணல் போன்ற கண்ணாடிக் கூடு கொண்ட டயாட்டம் பாசிகள், பச்சைப் பாசிகள், நீலப்பச்சைப் பாசிகள், பாக்டீரியாக்கள், பூஞ்சைகள் ஆகிய எல்லாம் இதில் உண்டு. இவை தாம் சுரக்கும் சர்க்கரைப் பொருள்களாலான ஒரு கோந்தில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. வெண்டைக்காயை நறுக்கினால் வரும் வழுவழுப்பைப் போன்றது இக்கோந்து. இதனாலேயே இதனை உயிர்ப்படலம் என்றும் கூறுவார்கள்.

இக்கோந்து நீரோட்டம் அடித்துச் செல்லாமல் உயிர்களைப் பிடித்துவைக்கிறது. நீரில் கரைந்துவரும் சத்துக்களையும் உலோகங்களையும் ஈர்த்துக்கொள்கிறது. நஞ்சு எளிதில் உள்ளே புகாமல் தடுக்கிறது. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளிலும், அவற்றிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் போன்றவற்றிலும், அவற்றின் கடைமடையிலுள்ள குளங்களிலும் இப்படலம் இல்லாத கல்லைக் காண்பது அரிது.

பகலில் ஒன்று, இரவில் ஒன்று

எல்லாப் பச்சைத் தாவரங்களையும் போலவே பாசியும் பகலில் நீரிலுள்ள கரியமிலவாயுவை எடுத்துக்கொண்டு பிராணவாயுவை வெளிவிடுகிறது. நல்ல வெயிலில், சாதாரணமாக நீரில் கரைந்திருக்கக்கூடிய அளவைப்போலப் பல மடங்கு பிராணவாயு படலத்தினுள் சேர்ந்துவிடும். அது வெளியேற வழியின்றிக் குமிழிகளாகத் திரண்டு படலத்தையே தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. நாற்றங்காலிலும் நேரடி விதைப்பு வயலிலும் இளம் நாற்றுகளைப் பாசி பெயர்த்துச் சாய்ப்பது இவ்வாறே நிகழ்கிறது.

இரவில் நிலைமை தலைகீழாகிறது. பாசியும் பாக்டீரியாக்களும் சுவாசித்துப் பிராணவாயுவைச் செலவிடுகின்றன, கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. வெளிச்சம் மறைந்த சில நிமிடங்களிலேயே தடித்த படலத்தின் அடிப்பகுதி பிராணவாயு இல்லாத இடமாக மாறிவிடும். அழுகிய முட்டை நாற்றம் வீசும் கருநிறச் சேறு, படலத்தின் அடியில் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

பகலில் கரியமிலவாயு குறைவதன் விளைவு ஒன்றை நாம் குறிப்பாகக் கவனிக்கவேண்டும். கரியமிலவாயு நீரில் கரைந்திருக்கும்போது நீர் சற்று அமிலத்தன்மை கொண்டிருக்கும். பாசி அதை எடுத்துவிட்டால் நீர் காரத்தன்மை அடைகிறது. இதனைப் பி.எச். என்னும் எண்ணால் குறிப்பார்கள். எண் 7 என்றால் நடுநிலை. அதற்கு மேல் காரம். விடியற்காலையில் 7 அல்லது 7.5 என்றிருக்கும் வயல்நீர், பாசி மிகுந்திருந்தால் நண்பகலில் 9 முதல் 10 வரை ஏறுவதுண்டு. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் காரத்தின் செயலே. சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமலேயே, பாசியும் வெயிலும் மட்டும் வயல்நீரைக் காரமாக்கிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் குமிழிகள், கண்ணுக்குத் தெரியாத இம்மாற்றத்தின் அடையாளம் ஆகும்.

வீரியப் பிராணவாயு

நாம் சுவாசிக்கும் பிராணவாயு சாதுவானது. ஆனால் கடும் வெயிலில் பாசி தன்னால் செலவழிக்க முடியாத அளவு ஒளியை வாங்கிக்கொள்ளும்போது, மிகுதியான சக்தி பிராணவாயுவின்மேல் பாய்ந்து அதனைத் துடிப்புள்ள பொருள்களாக மாற்றுகிறது. இவற்றை வீரியப் பிராணவாயுக்கள் எனலாம். அடுப்பிலிருந்து தெறிக்கும் தீப்பொறியைப் போன்றவை இவை. அடுப்பு எரிந்தால் பொறி தெறிக்காமல் இராது. பொறி கூரையில் விழாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை.

இவற்றுள் முக்கியமானவை மூன்று. முதலாவது சூப்பர் ஆக்சைடு. இது தோன்றிய உடனே மாறிவிடும். அது மாறுவதால் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டாவது. மருந்துக் கடையில் புண் கழுவ விற்கும் அதே பொருள்தான் இது. இது மணிக்கணக்கில் நீரில் நிற்கும். மூன்றாவதான ஹைட்ராக்சில், மூன்றிலும் கொடியது. தோன்றிய இடத்திலேயே எதிர்ப்பட்டதைத் தாக்கி அழிந்துவிடும்.

பாசியில் மட்டுமன்றி, மக்கிய இலைதழைகளின் சாறு கலந்த பழுப்பு நிற நீரின்மேல் வெயில் பட்டாலே ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. இதனை 1983-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கூப்பரும் ஸிகாவும் ஆறு, ஏரி, நிலத்தடி நீர் ஆகியவற்றை வெயிலில் வைத்துச் சோதித்துத் தெளிவாக்கினார்கள். ஆற்றுநீரிலும் வயல்நீரிலும் இதன் அளவு மிகக் குறைவு. பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு என்ற அளவிலேயே இருக்கும். இடிமழை நீரில் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

இத்தகைய பொருள் தன்னுள்ளேயே தோன்றும்போது பாசி எப்படி உயிர் வாழ்கிறது? அதற்குத் தகுந்த தற்காப்பும் அதனிடம் உள்ளது. சூப்பர் ஆக்சைடை மாற்றும் நொதி ஒன்றை 1969-இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் கண்டறிந்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராகவும் சாதாரணப் பிராணவாயுவாகவும் உடைக்கும் கேட்டலேஸ் என்ற நொதியும் உண்டு. இவை பாசியில் மட்டுமன்றி, நெற்பயிரிலும் மாட்டிலும் மனிதரிலும் உள்ளன.

இதனை எவரும் சோதித்துப் பார்க்கலாம். வாய்க்கால் கல்லிலிருந்து சிறிது வழுக்குப் படிவைச் சுரண்டி ஒரு கிண்ணத்தில் இட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலைச் சில துளிகள் விடவும். உடனே நுரைத்துப் பொங்கும். நறுக்கிய உருளைக்கிழங்கின்மேல் விட்டாலும் இவ்வாறே பொங்கும். கேட்டலேஸ் வேலை செய்வதையே நாம் காண்கிறோம். கண்ணிலும் கைப்புண்ணிலும் படாமல் கவனமாகச் செய்யவேண்டும்.

தனித்து மிதக்கும் நுண்ணுயிரைக் கொல்லும் அளவு மருந்து, கோந்துக்குள் கூட்டமாக வாழும் உயிரைக் கொல்லாமற் போவதற்கும் இதுவே ஒரு காரணம். மேலே இருப்பவை மருந்தை உடைத்துவிடுவதால் கீழே இருப்பவை தப்பிவிடுகின்றன. வாழைக்குச் சொட்டுநீர் அமைத்தவர்கள், குழாயில் படியும் வழுக்கலை ஒருமுறை கழுவியதும் விட்டுவிடாமல் அடிக்கடி கழுவவேண்டியிருப்பதும் இதனாலேயே.

சூழ்நிலை இதனை எவ்வாறு மாற்றுகிறது?

வெயில்: நடவு செய்த முதல் மாதத்தில் பயிர் நிழல் கட்டுவதில்லை. வெயில் நேரே நீரில் விழுவதால் பாசி வேகமாக வளரும். தூர் கட்டி இலைகள் மூடியதும் பாசி தானே குறையும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவிலுள்ள நம் பள்ளத்தாக்கில், கார் பருவத்தின் ஆரம்பம் பெரும்பாலும் வெயிலும் காற்றுமாகவே இருக்கும். ஆகவே காரில்தான் பாசியின் வேகம் மிகுதி. பிசானப் பருவத்தில் ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் பாசி அடங்கியிருந்து, மழை விட்டு வெயில் அடிக்கும் நாட்களில் திடீரெனப் பெருகும்.

வெப்பம்: நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. 25 பாகை வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் கரையும். 35 பாகையில் சுமார் 7 மில்லிகிராம்தான் கரையும். அதே சமயம் நுண்ணுயிர்களின் சுவாசம் வேகமடைகிறது. ஆகவே கோடையில் பகலில் மிகுதி, இரவில் பஞ்சம் என்ற இரு துருவ நிலை உண்டாகிறது. குளத்தில் பாசி மண்டியிருக்கும்போது மீன்கள் விடியற்காலையில் வாய் பிளந்து மேலே வருவது இதனால்தான்.

நீரோட்டம்: ஓடும் நீர் படலத்தை மெல்லியதாக வைத்திருக்கும், மிகுதியான பிராணவாயுவையும் பெராக்சைடையும் கழுவிச் சென்றுவிடும். தேங்கிய நீரில் படலம் தடிக்கும். மேலே மிகுதியும் அடியில் அழுகலும் சேரும்.

உரச்சத்து: மணிச்சத்தும் தழைச்சத்தும் நீரில் கரைந்து கிடந்தால் பச்சைப் பாசி பெருகும். டி.ஏ.பி. உரத்தை நிற்கும் நீரின்மேல் வீசினால் அது முதலில் பாசிக்கே உணவாகும். சாக்கடை கலக்கும் நீரிலும் இதே நிலைதான்.

இரும்பு: ஹைட்ரஜன் பெராக்சைடுடன் கரைந்த இரும்பு சேர்ந்தால் கொடிய ஹைட்ராக்சில் பிறக்கிறது. 1894-இல் ஃபென்டன் என்ற ஆங்கில வேதியியலார் இரும்பும் பெராக்சைடும் சேரும்போது உண்டாகும் வேகத்தை எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. வடிகால் வசதியின்றி நீர் தேங்கும் வயலில் மண்ணிலுள்ள இரும்பு கரைந்து வெளிவரும். நெல் அதனை அளவுக்கு மீறி உறிஞ்சினால், இலைக்குள்ளேயே இவ்வினை நிகழ்ந்து, அடியிலைகளில் நுனியிலிருந்து சிறு சிறு பழுப்புப் புள்ளிகள் தோன்றி இலை வெண்கல நிறமாகும். மலையடிவாரத்தில் ஊற்று கசியும் வயல்களில் நீரின்மேல் துரு நிறப் படிவும் எண்ணெய் போன்ற மினுமினுப்பும் கண்டால் இதனை எதிர்பார்க்கலாம். இரண்டொரு நாள் நீரை வடித்து மண்ணைக் காற்றாட விடுவதும், சாம்பல்சத்துக் குறையாமல் பார்த்துக்கொள்வதும் இதற்குப் பரிகாரம்.

செம்பு: பாசியைக் கொல்ல மயில்துத்தம் பயன்படுத்துகிறோம். செம்பு பாசியின் உயிரணுவினுள் புகுந்து வீரியப் பிராணவாயுவைப் பெருக்குவதும், தற்காப்பு நொதிகளைக் கெடுப்பதும் அதன் கொல்லும் ஆற்றலில் ஒரு பகுதி. ஆனால் மயில்துத்தம் மீனுக்கும் நத்தைக்கும் நஞ்சு. செம்பு மக்கி அழியக்கூடிய பொருளுமன்று. இட்டது மண்ணிலேயே தங்கிவிடும்.

யூரியா எங்கே போகிறது?

இனி நம் பணத்தைப் பற்றிய செய்திக்கு வருவோம். நீரில் வீசிய யூரியா, மண்ணிலும் பாசியிலும் உள்ள நொதியால் ஒன்று முதல் மூன்று நாட்களில் அம்மோனியமாக மாறுகிறது. அம்மோனியம் நீரிலும் மண்ணிலும் தங்கும். பயிர் அதனை எடுத்துக்கொள்ளும். நீர் காரமானால் அம்மோனியம் அம்மோனியா ஆவியாக மாறிக் காற்றில் போய்விடும்.

நீரின் வெப்பம் 30 பாகை இருக்கும்போது, பி.எச். 7-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 1 பங்குதான் ஆவியாகும் நிலையில் இருக்கும். 8-இல் அது 7 பங்கு ஆகிறது. 9-இல் 45 பங்கு. 10-இல் 90 பங்கு. அதாவது பாசி நிறைந்த வயலில் நண்பகல் நேரத்தில், நீரில் கரைந்துள்ள அம்மோனியத்தில் பாதியோ அதற்கு மேலோ பறக்கத் தயாராக நிற்கிறது. அதன்மேல் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் ஆடிக்காற்றும் சேர்ந்தால், நீர்ப்பரப்பில் எழும் ஆவியை உடனுக்குடன் அள்ளிச் சென்றுவிடும். அம்மியை நகர்த்தும் காற்று அம்மோனியாவை விட்டுவைக்குமா?

நடவு செய்த சில வாரங்களுக்குள் நிற்கும் நீரில் யூரியா வீசும்போது, இட்ட தழைச்சத்தில் பாதி வரை இவ்வாறு வீணாகக்கூடும் என்பதை நெல் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ. பாதி போனால் இழப்பு 10 கிலோவுக்கு மேல். பயிர் வெளிறிக் கிடப்பதைக் கண்டு, இன்னொரு மூட்டை வாங்கி அதே நீரில் வீசுகிறோம். அதில் ஒரு பகுதி பாசிக்கு மேலும் உணவாகிறது. பாசி மேலும் நீரைக் காரமாக்குகிறது. இச்சுழற்சியை முறிப்பதே நம் நோக்கமாக இருக்கவேண்டும்.

மாலையில் உரம் இட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். மாலையில் நீர் காரம் தணிந்திருப்பது உண்மையே. ஆனால் யூரியா மாறுவதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆவதால், மறுநாள் நண்பகலிலும் அதற்கடுத்த நண்பகலிலும் இழப்பு தொடரும். நேரத்தை மட்டும் மாற்றினால் போதாது. உரத்தை நீரிலிருந்து மண்ணுக்குள் இறக்கவேண்டும்.

படலம் செய்யும் நன்மை

பாசிப்படலத்தை முழுவதும் அழித்துவிடலாம் என்று எண்ணுவதும் தவறு. வங்காள நெல் வயல்களில் உரமின்றியே ஆண்டுதோறும் நெல் விளைவதற்கு நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவதே முக்கிய காரணம் என்று 1939-இல் இந்திய விஞ்ஞானி பி.கே. டே எடுத்துக்காட்டினார். நல்ல சூழ்நிலையில் இவை ஒரு போகத்தில் எக்டருக்கு 20 முதல் 30 கிலோ வரை தழைச்சத்து சேர்க்கும்.

தழைச்சத்தைப் பிடிக்கும் நொதி பிராணவாயு பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாசியோ பகல் முழுவதும் பிராணவாயுவை உண்டாக்குகிறது. இச்சிக்கலைத் தீர்க்க, நீலப்பச்சைப் பாசியின் இழைகளில் சில அணுக்கள் தடித்த சுவர் எழுப்பிக்கொண்டு, பிராணவாயு விடுவதை நிறுத்தி, தழைச்சத்துப் பிடிக்கும் வேலையை மட்டும் செய்கின்றன. வீட்டில் நெருப்பு படாத மூலையில் விதைநெல்லைக் காப்பது போன்றது இது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகின் காற்றில் முதன்முதல் பிராணவாயுவை நிரப்பியவையும் இப்பாசிகளின் முன்னோர்களே.

ஆனால் மூன்று சூழ்நிலைகளில் இவை தம் வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஒன்று, தாங்க முடியாத கடும் வெயில். இரண்டு, மணிச்சத்துப் பற்றாக்குறை. மூன்று, நீரில் தழைச்சத்து உரம் கரைந்து கிடப்பது. கையருகே உரம் கிடைக்கும்போது காற்றிலிருந்து பிடிக்க அவை சிரமப்படுவதில்லை. அந்நிலையில் பச்சைப் பாசியே மேலோங்கும். யூரியாவை மண்ணுக்குள் இறக்கினால் உரமும் மிஞ்சும். நீலப்பச்சைப் பாசியும் தன் வேலையைத் தொடரும். ஒரே செயலில் இரு பயன்.

நஞ்சை முறிக்கும் வேலையும் இப்படலத்திற்கும் வெயிலுக்கும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1980-களின் தொடக்கத்தில், நெல் வயல்களில் இட்ட களைக்கொல்லிகளால் வடிகால்களில் மீன்கள் மடிந்தன, அம்மருந்துகள் சாக்ரமென்டோ ஆற்றில் கலந்ததால் குடிநீரும் கசந்தது. வயல்நீரில் வெயிலால் தோன்றும் வீரியப் பொருள்கள் இம்மருந்துகளில் சிலவற்றைச் சிதைக்கின்றன என்பது அக்காலத்தில் அங்கு நடந்த ஆராய்ச்சியில் தெரிந்தது. மருந்திட்ட பின் குறிப்பிட்ட நாட்கள் வரை நீரை வயலிலேயே தேக்கிவைத்துப் பின்னரே வடிக்கவேண்டும் என்ற விதியும் அங்கு கடுமையாக்கப்பட்டது. தாமிரபரணியும் வயலுக்கு மட்டும் உரிய ஆறு அன்று. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்ட மக்களுக்குக் குடிநீர் தருவதும் அதுவே. மேல்மடை வயலின் வடிநீர் கீழ்மடைக்காரருக்குப் பாசன நீர் என்பதை நாம் மறக்கலாகாது.

உழவர்கள் செய்யவேண்டியவை

1. மணிச்சத்து முழுவதையும் அடியுரமாகக் கடைசித் தொழி உழவில் இட்டு மண்ணில் கலக்கவும். நிற்கும் நீரின்மேல் டி.ஏ.பி. வீச வேண்டாம்.

2. மேலுரம் இடுமுன் நீரை வடித்து, மண் சேறாக இருக்கும் பதத்தில் யூரியாவை இடவும். ஒன்றிரண்டு நாள் கழித்து நீர் கட்டவும். வடிக்கும் நீரை வீணாக்காமல் அடுத்த வயலுக்குப் பாய்ச்சலாம். அண்மையில் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ இட்டிருந்தால் மட்டும் அவ்வாறு செய்யக்கூடாது.

3. வரிசை நடவு செய்த வயலில் யூரியா இட்டதும் கோனோ களைக்கருவியை ஓட்டவும். உரம் மண்ணில் கலக்கும். பாசிப்படலமும் உடைந்து சேற்றில் புதைந்து எருவாகும்.

4. ஐந்து பங்கு யூரியா, நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு தூளாக்கிய வேப்பம் பிண்ணாக்கு என்ற விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடவும். 2015 முதல் நம் நாட்டில் யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டே வருகிறது. ஆனால் அப்பூச்சு அம்மோனியா ஆவியாவதைத் தடுக்கப் போதாது. ஆகவே நீரை வடித்து இடும் முறையைக் கைவிடவேண்டாம்.

5. இலை வண்ண அட்டையைப் பார்த்துத் தேவையானபோது மட்டும் மேலுரம் இடவும். பயிர் மூடி நிழல் கட்டிய பின், கதிர் உருவாகும் பருவத்தில் இடும் உரம் வீணாவது குறைவு. இளம் பருவத்தில் ஒரேயடியாக மிகுதியாக இடுவதே பெரிய இழப்பு.

6. அசோலா வளர்க்க வாய்ப்புள்ளவர்கள் நடவு செய்த ஒரு வாரத்தில் அதனை வயலில் விடவும். அசோலா நீரை மூடி நிழல் தருவதால் பாசி அடங்கும். நண்பகலில் நீர் காரமாவதும் அம்மோனியா இழப்பும் குறையும். அதனை மிதித்துவிட்டால் தழையுரமும் ஆகும்.

7. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டவும். நீர் எப்போதும் தேங்கிநிற்காமல் இருந்தால் படலம் தடிக்காது, அடிமண்ணும் காற்றாடும், இரும்பு நஞ்சும் குறையும்.

8. நாற்றங்காலில் பாசி திரண்டு நாற்றைச் சாய்த்தால், முதலில் நீரை வடித்து ஒருநாள் காயவிடவும். அதற்கும் அடங்காவிட்டால் மட்டுமே மயில்துத்தம் பயன்படுத்தவும். வேளாண்மை அலுவலர் கூறும் அளவை, துணியில் சிறு மூட்டையாகக் கட்டி வாய்மடையில் நீர் புகும் இடத்தில் போடலாம். அந்நீர் மீன் வளர்க்கும் குளத்திற்குச் செல்லக்கூடாது.

9. களைக்கொல்லி இட்ட வயலின் நீரை, மருந்துடன் தரும் குறிப்பில் கண்ட நாட்கள் வரை வடிக்கவேண்டாம். வெயிலும் படலமும் தம் வேலையைச் செய்ய அவகாசம் தரவேண்டும்.

10. மீன் குளத்தில் பாசி மண்டியிருக்கும்போது, மூடாக்கு நாட்களில் சாணமும் உரமும் இடுவதை நிறுத்தவும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்தால் உடனே புதுநீர் விடவும் அல்லது இயந்திரத்தால் நீரை இறைத்து அதே குளத்தில் விழச் செய்யவும்.

ஓர் எச்சரிக்கை

ஹைட்ரஜன் பெராக்சைடு பாசியைக் கொல்லும் என்று கேள்விப்பட்டு, அதனை வாங்கி வயலிலோ குளத்திலோ ஊற்றும் முயற்சியில் இறங்க வேண்டாம். நெதர்லாந்து நாட்டில் 2009-ஆம் ஆண்டு ஓர் ஏரி முழுவதிலும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் இதனைச் சீராகக் கலந்து, நச்சுள்ள நீலப்பச்சைப் பாசியை மட்டும் அழித்தார்கள். நீலப்பச்சைப் பாசி இதற்கு மற்றப் பாசிகளைவிட எளிதில் மடிந்துவிடும் என்பதே அம்முறையின் அடிப்படை. நம் வயலில் அவ்வாறு செய்தால் தழைச்சத்து தரும் நண்பன் முதலில் மடிவான். நீரைக் காரமாக்கும் பச்சைப் பாசி மிஞ்சும். அளவு தவறினால் மீனும் மடியும்.

உரமிடச் செல்லுமுன்

அமிலகாரம் காட்டும் தாள், ஆய்வுக்கூடப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். விடியற்காலை ஆறு மணிக்கும் நண்பகல் இரண்டு மணிக்கும் வயல்நீரில் அதனை நனைத்து நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கவும். இரண்டிற்கும் ஓர் எண்ணுக்கு மேல் வேறுபாடு இருந்து, நண்பகலில் எண் 8.5-ஐத் தாண்டியிருந்தால், அவ்வயலில் நிற்கும் நீரில் யூரியா வீசுவது காற்றுக்கு உரமிடுவதாகும். தாள் கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. நண்பகலில் வரப்பில் நின்று பாருங்கள். படலம் குமிழிகளுடன் மேலெழுந்து மிதக்கிறதா? அப்படியானால் உரக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, முதலில் வடிமடையைத் திறந்து நீரை வடியுங்கள்.